எல்லாரும் பாக்கறாங்க, அம்மா

எங்கள் தெரு அம்மன் கோயில் பூசாரியின் கையிலிருந்து சாவியை வாங்கியவன் நான். வேப்பமரத்தை வெட்டத் தீர்மானம் எழுதியவன் நான். புற்றைக் கலைத்துக் கருங்கல் பதிக்க ஆள் பேசியதும், கோயிலுக்குள் உயிர்ப்பலி இடுவதும் சாமியாடுவதும் குறி சொல்வதும் கூடாது என்று பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததும் நானே. இதற்காக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. கும்பாபிஷேகக் கல்வெட்டில் திருப்பணிக் குழுச் செயலாளர் என்று என் பெயர் இருக்கிறது. மேடையில் சால்வை போர்த்தினார்கள். பக்தியால் செய்தேன் என்று தெரு நம்புகிறது. பக்தியால் செய்யவில்லை, பகுத்தறிவாலும் செய்யவில்லை. வெட்கத்தால் செய்தேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்த தெரு அது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள்; சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். கோயில் என்று சொல்ல அப்போது அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஆளுயரப் புற்று. புற்றுக்கு முன்னால், கழுத்துக்குக் கீழே மண்ணுக்குள் இருப்பதாக நாங்கள் நம்பிய ஒரு தலைக்கல். மேலே ஓட்டுக் கொட்டகை. மரத்துக் கிளைகளில் மஞ்சள் துணி முடிச்சுகளும், குழந்தை வேண்டிக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்களும்.

தொண்டை மண்டலத்தில் அம்மனை இப்படித் தலையாகப் பல ஊர்களில் பார்க்கலாம். படவேட்டு ரேணுகாம்பாள் கதை இந்தப் பக்கத்து வீடுகளில் ஊறிப்போனது. குடியாத்தத்தில் வைகாசி மாதம் கெங்கையம்மன் சிரசைத் தூக்கி வரும்போது ஊரே தெருவில் நிற்கும். ரேணுகாதேவியின் தலையை அவள் மகன் பரசுராமனே அப்பன் சொல் கேட்டு வெட்டினான். பிறகு அதே அப்பனிடம் வரம் கேட்டு அவளை எழுப்பினான். அவசரத்தில் தலையை வேறொருத்தியின் உடம்பில் சேர்த்துவிட்டான். இதைப் பம்பைக்காரர்கள் ஆடி வெள்ளி இரவில் வர்ணிப்பாகப் பாடுவார்கள். மகன் கத்தியை ஓங்கும் இடம் வந்ததும் பம்பையை நிறுத்திவிட்டு உடுக்கையை மட்டும் மெல்ல அடிப்பார் பெரியவர். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் அம்மாவின் மடியில் தலை வைத்துக் கேட்டிருக்கிறேன்.

காப்புக் கட்டிய நாளிலிருந்து தெரு வேறு ஊராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரையில் பூங்கரகம் ஜோடித்து, பம்பை முன்னால் போக, தெருத்தெருவாக வரும். வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்துக் காத்திருப்பார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி போட்டுக் காய்ச்சிய கூழை ஒவ்வொரு வீடும் குடத்தில் கொண்டுவந்து கோயில் வாசலில் இருக்கும் பெரிய அண்டாவில் ஊற்றும். ஊற்றியபின் எது யார் வீட்டுக் கூழ் என்று சொல்ல முடியாது. தறி ஓடாமல் பட்டினி கிடந்த வீட்டின் கூழும், பத்துத் தறி வைத்திருக்கும் முதலாளி வீட்டுக் கூழும் ஒரே அகப்பையில் வரும். வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. இரவு கும்பம் படைப்பார்கள். சோற்றைக் குவித்து, குழம்பு ஊற்றி, அம்மனுக்குக் காட்டிவிட்டுப் பகிர்ந்து தின்பது. இந்த உலகத்தில் எந்தக் குருவிடமும் எந்த நூலிலும் நான் கற்காத ஒன்றை அந்த அண்டாவிடம் கற்றேன். பிறகு மறந்தேன்.

அப்பா சாமி கும்பிடாதவர். அண்ணா பிறந்த ஊரில், அண்ணாவைப் போலவே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1942-இல் அண்ணா இங்கே தொடங்கிய ‘திராவிட நாடு’ இதழின் பழைய பிரதிகளைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஆயுத பூசைக்குத் தறியைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், பொட்டு வைக்கமாட்டார். ஆனால் ஆடியில் கூழ் கிண்டுவதற்கு அவர்தான் முதலில் போய் நிற்பார். “பசிக்கிறவனுக்கு ஊத்தறதுல எனக்கு என்னா வெட்கம்” என்பார். நம்பாதவர், ஆனால் நம்பியவர்களை ஒருநாளும் கீழாகப் பார்க்காதவர். அவரிடமிருந்து நான் நம்பாமையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதை விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு அருள் வரும்.

வருஷம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். கோர்வைச் சேலை தறியில் இருந்தால் கரை நாடா தள்ள அப்பாவுக்குப் பக்கத்தில் நான் உட்காருவேன். நான் பள்ளிக்கூடம் போனால் அவள் உட்காருவாள். கூலியைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆடியில் ஒரு நாள், ஒரு பொழுது, அந்தத் தெருவில் அவளைவிடப் பெரியவர் இல்லை. ஒரு வருஷம் ஜரிகை விலை ஏறிவிட்டது என்று சொல்லி முதலாளி சேலைக்கூலியைக் குறைத்திருந்தார். எதிர்த்துப் பேச எந்த வீட்டுக்கும் தைரியமில்லை. எல்லா வீட்டுக்கும் அவரிடம் முன்பணக் கடன் இருந்தது. அந்த ஆடியில் கரகம் அவர் வாசலுக்கு வந்ததும் அம்மா நகரவில்லை. தலைமுடி அவிழ்ந்து, கையில் வேப்பிலையோடு நின்று, “என் பிள்ளைங்க வயித்துல கைய வெச்சியேடா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே விழுந்து கும்பிட்டார். அடுத்த சேலைக்குப் பழைய கூலி வந்தது. மறுநாள் அம்மா அதே வீட்டின் பின்வாசலில் நின்று பட்டு நூல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த அம்மாவைத்தான் நான் மறுதலித்தேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். உடன் படித்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்த நாளில் கரகம் தெருவுக்குள் வந்தது. அதன் முன்னால் முடி விரித்து ஆடி வந்தவளைக் காட்டி “யாரு அது?” என்று கேட்டார்கள். “பக்கத்து வீட்டம்மா” என்றேன். அம்மா அருள் நிலையில் இருந்தாள், காதில் விழுந்திருக்காது என்று இத்தனை நாள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். விழுந்திருக்கலாம்.

படிப்பு முடிந்து பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. தெருவில் நன்றாக எழுதத் தெரிந்தவன் என்பதால் கோயில் குழுவுக்குச் செயலாளர் ஆனேன். அதற்குள் தெரு மாறியிருந்தது. தறிகள் குறைந்தன, மாடி வீடுகள் எழுந்தன, பெண்ணுக்கு வெளியூர்ச் சம்பந்தம் தேடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது புற்றும் ஓட்டுக் கொட்டகையுமாக இருந்தது. “நம்ம அம்மனையும் ஒரு ஆகமக் கோயிலாக் கட்டிட்டா என்ன?” என்று முதலாளியின் மகன் கேட்டபோது குழுவில் முதலில் தலையசைத்தது நான்தான். பெரும்பணம் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. அம்மனின் வாயால் கூலி கேட்கும் பெண்கள் இல்லாத கோயில் அந்த வீட்டுக்கு எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் நன்கொடைச் சீட்டு எழுதினேன்.

அந்த நேரத்தில் அரசும் எனக்குத் துணைக்கு வந்தது. 1950-ஆம் ஆண்டிலேயே இயற்றி, சட்டப் புத்தகத்தில் கிடந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. தமிழ்நாடு முழுக்கக் கிராமக் கோயில்களில் குழப்பம், எதிர்ப்பு. அந்த உத்தரவைத்தான் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். வருஷத்துக்கு ஓர் ஆடும், வேண்டிக்கொண்டவர்களின் சில கோழிகளும் எங்கள் தெருவில் நின்றுபோயின. அதைச் சாக்காக வைத்துச் சாமியாடுவதையும் குறி சொல்வதையும் பலகையில் சேர்த்தேன். சட்டத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. நான் பலகையை நீக்கவில்லை.

ஜீவகாருண்யம் என்று பேசினேன். பட்டு நெய்யும் ஊரில் நின்றுகொண்டு பேசினேன். கூட்டுக்குள் இருக்கும் புழுவோடு சேர்த்துக் கொதிநீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். எங்கள் ஊர்ச் சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதைச் சொல்லித்தான் பட்டு உடுத்துவதை விட்டுவிடுங்கள் என்றார். அவருக்கு அதைச் சொல்லும் தகுதி இருந்தது. பட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆட்டுக்கு மட்டும் இரங்கிய எனக்கு இல்லை. ஆட்டை வெட்ட வேண்டும் என்று நான் இன்றும் வாதாடவில்லை. வெட்ட வேண்டாம் என்று நினைப்பவர்களின் இரக்கம் உண்மையானது, அவர்களை மதிக்கிறேன். என் இரக்கம் உண்மையானதல்ல என்பதை மட்டும் சொல்கிறேன்.

மரமும் மண்ணும் கடவுளாக இருப்பது கேவலம் என்று எப்படி நினைத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். அதுவும் காஞ்சிபுரத்தில். ஏகாம்பரநாதர் கோயிலில் மூலவர் மணல் லிங்கம். கம்பை ஆற்றங்கரையில் காமாட்சி மணலைக் கூட்டிப் பிடித்தது என்பது தலபுராணம். கரைந்துவிடும் என்று லிங்கத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை, புனுகுச் சட்டம்தான் சாத்துகிறார்கள். அந்தக் கோயிலின் மாமரத்தைச் சுற்றி வராதவர் இந்த ஊரில் யார்? வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அத்திமரத்தில் செய்த அந்த மேனியைக் காண நாடே திரண்டது. எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. நானும் வெயிலில் வரிசையில் நின்று பார்த்து அழுதேன். மணலைக் கும்பிட்டேன், மாமரத்தைச் சுற்றினேன், அத்திமரத்தின் முன் அழுதேன். எங்கள் புற்றையும் வேப்பமரத்தையும் மட்டும் இடைஞ்சல் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். பெரிய கோபுரத்துக்குள் இருந்தால் தத்துவம், ஓட்டுக் கொட்டகைக்குள் இருந்தால் அறியாமை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே அப்படிப் பார்த்தேன்.

உக்கிரமாக இருந்த காமாட்சியை ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் நிறுவிச் சாந்தப்படுத்தினார் என்பது ஊர் மரபு. கும்பாபிஷேக மலரில் அதைச் சொல்லி, எங்கள் அம்மனும் இனிச் சாந்த சொரூபி என்று எழுதினேன். மாமல்லபுரத்தில் செய்வித்த நான்கு கை அம்மன் சிலை கருவறையில் அமர்ந்தது. தலைக்கல்லை அதன் கீழே வைத்து மூடினோம். பாலாலயம், யாகசாலை எல்லாம் குருக்கள் குறைவில்லாமல் செய்தார். அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அவர் தன் முறையைச் செய்தார். என் முறையை நான்தான் தொலைத்தேன்.

மரம் வெட்டிய அன்று சாயங்காலம் எங்கள் தெருக் கிழவிகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். சண்டை போடவில்லை. “இனிமே மஞ்சத் துணிய எங்கப்பா கட்றது?” என்று கேட்டார்கள். இரும்புக் கம்பியில் ஒரு சட்டம் அடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சரி என்று போய்விட்டார்கள். அந்தச் சட்டத்தில் இதுவரை ஒரு தொட்டில்கூடத் தொங்கவில்லை.

அடுத்த ஆடி. பம்பை இல்லை, நாதசுரமும் தவிலும் வைத்தோம். இரும்புக் குழாய் அடித்து ஆண்கள் பெண்கள் என்று வரிசை. நான் சட்டையில் குழுவின் அட்டை குத்திக்கொண்டு நடுவில் நின்றேன். அம்மா பெண்கள் வரிசையில் இருந்தாள். தீபாராதனை காட்டும்போது அவள் தோள் நடுங்கத் தொடங்கியது. எனக்கு அந்த நடுக்கம் சின்ன வயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் இருந்த பெண்கள் வழக்கம்போல இடம் விட்டார்கள். ஒருத்தி வேப்பிலை தேடினாள், இல்லை. முன்வரிசையில் நன்கொடையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குழாயைத் தாண்டிப் போய் அம்மாவின் கையைப் பிடித்து, “எல்லாரும் பாக்கறாங்க, அம்மா” என்றேன். பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. வெளியே கொண்டுபோய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அருள் வரவில்லை. ஆடியில் கூழ் வாங்கச் செம்பைப் பேத்தியிடம் கொடுத்தனுப்புவாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லி, சண்டை போட்டு, ஒருவேளை அழுதிருப்பேன். பரசுராமனுக்காவது அப்பனின் ஆணை இருந்தது. என் அப்பா அப்போது உயிரோடில்லை. இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பார். எனக்கு யாரும் ஆணையிடவில்லை.

படுக்கையில் கிடந்த காலத்தில் ஒருநாள் கேட்டாள்: “பூசாரிக்குப் படி யாரு குடுக்கறாங்க?” குழு கொடுக்கிறது என்றேன். அது பொய்.

பூசாரி குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தக் கொட்டகையில் விளக்கேற்றியது. குருக்கள் வந்தபின் அவருக்கு வேலையில்லை. சாவியை வாங்கும்போது, மாதாமாதம் அரிசியும் பணமும் கோயிலிலிருந்து வரும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். “நீ சொன்னா சரிதான் தம்பி” என்று சாவியைக் கையில் வைத்தார். அவ்வளவு தீர்மானங்களையும் எழுதிய நான் அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுதினால் குழுவில் கேள்வி வரும், செலவு வரும் என்று விட்டேன். கொஞ்ச காலம் என் கையிலிருந்து கொடுத்தேன், பிறகு அதையும் நிறுத்தினேன். அவர் கேட்டு வரவில்லை. அவர் காலமான செய்தி தெரிந்தும் நான் போகவில்லை. விடிய விடியப் பாடிய வர்ணிப்பு பம்பைக்காரப் பெரியவரோடு போயிற்று. பக்கத்து வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுத்த தெரு, அந்தக் குரலை ஒரு கேசட்டில்கூடப் பிடித்து வைக்கவில்லை.

பழைய ஏற்பாடு நீதியானது என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். பம்பைக்காரர்கள் காலனியிலிருந்து வருவார்கள். அவர்கள் பாட்டில்தான் அம்மன் இறங்குவாள். ஆனால் அவர்களுக்குக் கூழ் தனிப் பாத்திரத்தில், கொட்டகைக்கு வெளியே. ஒரே அண்டா என்று மேலே எழுதினேன். அந்த அண்டா காலனிக்கு இல்லை. திருத்த வேண்டியது அதைத்தான். கையில் பேனா வைத்திருந்த நான் அந்த அநியாயத்தைத் திருத்தவில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துவிட்டு, தெருவைத் தூய்மை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

2020-இல், கொரோனா வருவதற்குச் சற்று முன், மேல்மலையனூர் மயானக் கொள்ளை பார்த்துவிட்டு ஒரு வெளிநாட்டுப் பெண் காஞ்சிபுரம் வந்தார். லித்துவேனியாக்காரர். சேலை வாங்க வந்த இடத்தில் யாரோ என்னைக் காட்டி, கோயில் விவரம் தெரிந்தவர் என்று சொல்லிவிட்டார்கள். தன் நாட்டில் ரோமுவா என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றார். கிறித்துவத்துக்கு முந்தைய தெய்வங்களை வணங்குகிறவர்கள். ஐரோப்பாவில் கடைசியாக மதம் மாறிய நாடு அது, 1387-இல். 1967-இல் கெர்னவே என்ற பழைய ஊரில் கோடைச் சங்கராந்தி இரவில் நெருப்பு வளர்த்துக் கூடியதிலிருந்து மறுபடி தொடங்கினார்களாம்; சோவியத் ஆட்சி சில ஆண்டுகளில் அடக்கியது; நாடு விடுதலையானபின் 1992-இல் பதிவு செய்தார்கள். பாட்டிமார் பாடி, யாரோ எழுதிவைத்த நாட்டுப்பாடல்களைத் தவிரக் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்றார். வீட்டுப் பாம்புக்குப் பால் வைக்கும் வழக்கம் அங்கேயும் இருந்ததாம். ஐஸ்லாந்திலும் இப்படி ஒரு சங்கம் 1972-இல் தொடங்கி அடுத்த ஆண்டே அரசின் அங்கீகாரம் பெற்றதைப் பிறகு படித்தேன். பேகன் என்று ஒரு காலத்தில் இழிவாகச் சொன்ன பெயரைத் தாங்களே எடுத்துச் சூட்டிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் அறுந்த இழையின் நுனியை ஏடுகளில் தேடுகிறவர்கள்.

அவரிடம் நான் எங்கள் அம்மனைப் பற்றிச் சொன்னேன். புற்றைச் சொன்னேன், தலைக்கல்லைச் சொன்னேன், கூழ், கும்பம், பம்பை, வர்ணிப்பு, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொன்னேன். “இப்போதும் அம்மன் யார் வாயிலாகவாவது பேசுகிறாளா?” என்று கேட்டார். “என் அம்மா வாயிலாக” என்றேன். அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார். நீங்கள் பாக்கியசாலி என்றார். கோயிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, திருப்பணி நடக்கிறது, நடை சாத்தியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் வாழ்க்கையில் செய்ததிலேயே கேவலமானது இதுதான் என்று நினைக்கிறேன். உயிரோடு இருந்தபோது பக்கத்து வீட்டம்மா என்றேன். செத்தபின், பெருமை கிடைக்கிறது என்றதும், என் அம்மா என்றேன்.

அவர் போனபின் அந்த நாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராகாவைச் சேர்ந்த ஜெரோம் என்ற துறவி லித்துவேனியாவுக்குப் போய்ப் புனிதத் தோப்புகளை வெட்டச் செய்தார். பெண்கள் அழுதுகொண்டு கோமகன் விதாவ்தாஸிடம் போய் முறையிட்டார்கள்: இந்தத் தோப்புகளில்தான் மழையும் வெயிலும் கேட்டோம், கடவுளின் வீட்டை எடுத்துவிட்டபின் அவரை எங்கே போய்த் தேடுவது? கோமகன் அந்தத் துறவியை நாட்டைவிட்டுப் போகச் சொன்னான். ஜெரோம் தானே சொன்ன இந்தக் கதையை, பிற்காலத்தில் போப் இரண்டாம் பயஸ் ஆன ஏனியாஸ் சில்வியஸ் எழுதிவைத்திருக்கிறார். வெட்டியவர் வாயிலிருந்தே வந்த சாட்சியம் என்பதால்தான் அந்தப் பெண்களின் கேள்வி இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மஞ்சள் துணியை எங்கே கட்டுவது என்று கேட்ட கிழவிகளில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை.

இந்த வருஷம் பூசாரியின் பேரனைத் தேடிப் போனேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். தாத்தாவுக்குச் சேர வேண்டியதை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன். கோயில் சாவியையும் உங்கள் வீட்டுக்கே திரும்பக் கொடுக்கக் குழுவில் பேசுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “உங்க காசு வேணாம் சார். கோயில் தரேன்னு சொன்னதுதானே, கோயிலே தரட்டும். அதை நோட்டுல எழுதுங்க. சாவியப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார்.

குழுவில் சொன்னேன். இப்போதைய செயலாளர் இளைஞர், நல்லவர். அப்படி ஒரு வாக்குறுதி கொடுத்ததற்கு ஆதாரம் கேட்கிறார். கேட்பது நியாயம். தீர்மானப் புத்தகத்தில் இல்லை, சாட்சி இல்லை, பூசாரி இல்லை, என் அம்மாவும் இல்லை. கொடுத்தவன் வாய்தான் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். பலகையை எடுக்கவும், வரும் ஆடிக்குப் பம்பைக் குழுவை அழைக்கவும், அவர்களுக்கும் அதே அண்டாவிலிருந்து கூழ் ஊற்றவும் தனித்தனியாகத் தீர்மானம் வைத்திருக்கிறேன். கூட்டம் ஆனி கடைசி வெள்ளிக்கிழமை.